கேமராவுக்குத் தோள் கிடையாது

அன்பு மகன் அஸ்லமுக்கு,

வாப்பாவின் சலாம். ‘நலம், நலமறிய ஆவல்’ என்று இரண்டு முறை தட்டினேன். இரண்டு முறையும் அழித்துவிட்டேன். முன்பாதி பொய்யாகிவிடும். பின்பாதி, இப்போது நீ என் மேல் இருக்கிற கோபத்தில், உனக்கு எரிச்சலைத்தான் கிளப்பும். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன். நேராக என்று சொன்னேனே தவிர, அது எனக்குக் கைவராது என்பது உனக்குத் தெரியும். கடைக்குப் போய் கால் கிலோ வெங்காயம் வாங்கி வரச் சொன்னால் கடைக்காரர் மச்சினனுக்குப் பெண் பார்த்த கதை முழுவதையும் கேட்டுவிட்டு வெங்காயத்தை மறந்துவிட்டு வருகிறவன் என்று உன் உம்மா என்னைச் சொல்வாள். கொஞ்சம் பொறுத்துப் படி. இன்று சனிக்கிழமை. வருகிற வியாழக்கிழமை, உனக்கு மாமனார் ஆகப்போகிற ஹமீது கட்டிக்கொண்டிருக்கும் வீட்டில் மாடிப்படிக்கு காங்கிரீட் போடப்போகிறார்கள். அதற்குள் நீ இதைப் படித்து முடித்திருக்க வேண்டும்.

முந்தாநாள் நீ துபாயிலிருந்து போன் செய்தபோது எடுத்த எடுப்பில் சலாம்கூடச் சொல்லவில்லை. “வாப்பா, அது அவங்க வீடு. படி ஒரு அடி கூட இருந்தா ஒங்களுக்கு என்ன, கொறைய இருந்தா என்ன? இன்னும் நாப்பது நாள்ல நிக்காஹ். அது நடக்கணுமா வேணாமா, அதச் சொல்லுங்க மொதல்ல” என்றாய். நான் “நடக்கணும்ப்பா” என்று மட்டும் சொன்னேன். நீ வைத்துவிட்டாய். உனக்குச் சொல்ல வேண்டிய பதில் என்னிடம் மூன்று வருடமாக இருக்கிறது. வாய்தான் வரவில்லை. எழுத்தில் வருமா என்று பார்க்கிறேன்.

முதலில் ஹமீது வீட்டில் என்ன நடந்தது என்பதை என் பக்கத்திலிருந்தும் கேள். உன் கல்யாணப் பேச்சு முடிந்ததும் அவர் ஷார்ஜாவிலிருந்து எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். கொத்தனார் வரைந்த வீட்டுப் பிளானை யாரோ சைக்கிள் சீட்டின் மேல் விரித்துவைத்து எடுத்த போட்டோ. “சம்பந்தி, மகளுக்குக் குடுக்குற வீடு. நான் அங்கன வந்து நின்னு பாக்க முடியல. த்ரீடி போட்டுக் காட்டுங்க” என்றார். ஊரில் பாதிப்பேர் என்னிடம் இப்படித்தான் வருகிறார்கள். வீட்டுக்காரர் வளைகுடாவில், வீடு இங்கே, நடுவில் நான். தம்மாமில் பதினெட்டு வருடம் வரைபட வேலை பார்த்துவிட்டு வந்தவனை ஊர் ‘த்ரீடி காக்கா’ ஆக்கிவிட்டது. பள்ளிவாசலில் எனக்கு அண்ணன் வயதுக்காரர்கள்கூட என்னைக் காக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். தட்டையான கோடுகளைக் கம்ப்யூட்டரில் அளவு பிசகாமல் திரும்ப வரைந்து, ஒவ்வொரு கோட்டையும் பிடித்து மேலே இழுத்தால் சுவர் எழும்பும். சுவரில் துளை போட்டால் கதவு, ஜன்னல். மேலே ஒரு மூடி வைத்தால் தளம். அப்புறம் டைல்ஸ், பெயின்ட், சோபா. கடைசியில் கேமராவை வாசலில் வைத்து உள்ளே நடக்கவிட வேண்டும். ஷார்ஜாவில் கட்டிலில் படுத்துக்கொண்டு ஒரு மனிதர் தான் இன்னும் மிதிக்காத வீட்டுக்குள் நடந்துபோவார். சிலர் அழுதிருக்கிறார்கள். ஒருவர் “காக்கா, அந்தத் திரைச்சீலை ஆடுற மாதிரி செய்ய முடியுமா, எங்க வீட்ல கடக்காத்து வரும்” என்று கேட்டார். செய்து கொடுத்தேன்.

ஹமீதுக்கும் அப்படித்தான் செய்து அனுப்பினேன். அவருக்குப் பிடித்துப்போயிற்று. பிடித்ததுதான் தொல்லை. அவர் வேலை செய்கிற முதலாளி வீட்டில் பெரிய சரவிளக்கு ஒன்று தொங்குகிறதாம். அதைப் போல மகள் வீட்டு ஹாலிலும் தொங்க வேண்டும். ஹால் கொஞ்சம் குறுகல். “படி மூணரை அடி எதுக்கு சம்பந்தி? ரெண்டே காலாக்கிருங்க. ஹாலுக்கு ஒரு அடிக்கு மேல கெடைக்கும்ல” என்றார். நான் வேண்டாம் என்றேன். அவர் மறுபடி சொன்னார். நான் படியைத் தொடாமலேயே படத்தை அனுப்பினேன். அவர் என்னை விட்டுவிட்டு நேராகக் கொத்தனாருக்குச் சொல்லிவிட்டார். போன செவ்வாய்க்கிழமை அந்தப் பக்கம் போனவன் எட்டிப் பார்த்தால் படிக்குப் பலகை அடித்து, கம்பி கட்டி, இரண்டே கால் அடியில் தயாராக நிற்கிறது. திரும்பும் இடத்தில் சதுரமாகத் தளம்கூட இல்லை, முக்கோணப் படிகள். கொத்தனாரிடம் “நிறுத்துங்க, நான் சொல்றவரைக்கும் காங்கிரீட் போடக்கூடாது” என்று சத்தம் போட்டேன். நான் சத்தம் போட்டதை நீ ஆயுளில் எத்தனை முறை பார்த்திருப்பாய்? அன்று தெருவே எட்டிப் பார்த்தது.

ஹமீது போன் செய்தார். “சம்பந்தி, த்ரீடி போடச் சொன்னேன். வீட்ட நிறுத்தச் சொல்லல” என்றார். அவர் சொன்னதில் தப்பு இல்லை. மாப்பிள்ளை வீட்டார் நிக்காஹுக்கு முன்னாலேயே பெண்ணுக்குக் கொடுக்கிற வீட்டைக் குறை சொல்லத் தொடங்கிவிட்டார்கள் என்று அவர் வீட்டுப் பெண்கள் மனம் வருந்தியதாகவும் கேள்விப்பட்டேன். நம் ஊரில் அதைவிடப் பெரிய மரியாதைக் குறைவு என்ன இருக்கிறது! காரணம் கேட்டார், நான் “அது… படி இடுக்கா இருந்தா நல்லாருக்காது” என்று ஏதோ உளறினேன். அவர் உனக்குச் சொல்ல, நீ எனக்குச் சொல்ல, இதோ இங்கே வந்து நிற்கிறோம்.

காரணம் நம் வீட்டுப் படி, அஸ்லம். அதைச் சொல்வதற்கு முன்னால் அது எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும்.

நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியாததல்ல. வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளை அங்கே போய் இருந்துகொள்ள வேண்டும். இந்த வீடும் உன் உம்மாவுக்கு அவள் வாப்பா கட்டிக்கொடுத்ததுதான். நான் ஒரு பெட்டியும் இரண்டு கைலியுமாக உள்ளே வந்தவன். போகிறவனுக்கு ஒரு வார்த்தை சொல்லிவைக்கிறேன்: முதல் நாற்பது நாள் உன் தட்டில் சீலா மீனின் நடுத்துண்டு மட்டுமே விழும். அதை நிரந்தரம் என்று நம்பிவிடாதே. நாற்பத்தோராவது நாள் எனக்கு வால் துண்டு வந்தது. அன்று நான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டேன். உன் உம்மா உள்ளே போய்ச் சிரித்துவிட்டு வந்து “இப்பத்தான் நீங்க இந்த வீட்டு ஆளு” என்றாள். முப்பது வருடம் இந்த வீட்டு ஆளாக இருந்தேன். அவள் போன பிறகு, சொன்னால் நம்பமாட்டாய், மறுபடியும் விருந்தாளி ஆகிவிட்டேன். அலமாரியைத் திறக்கும்போது யாரிடமாவது கேட்க வேண்டும்போல் இருக்கிறது.

நமக்குப் பெண் பிள்ளை இல்லை. நீ ஒருத்தன். ஒரு நாள் நீயும் பெட்டியோடு இன்னொரு வீட்டுக்குப் போய்விடுவாய் என்பதை நினைக்கவே எனக்குப் பிடிக்கவில்லை. நீ கல்லூரி முடித்த வருடம், ஊருக்குத் தெரியாத ஒரு தந்திரம் செய்தேன். மாடி எடுத்தேன். சாதாரண அறை இல்லை. குளியலறை, அலமாரி, கடல் பக்கம் பால்கனி எல்லாம் வைத்து, புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் தங்குகிற மாதிரி. இப்படி ஒரு அறை இருந்தால் வருகிற பெண் ‘இங்கேயே இருந்துகொள்வோமே’ என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டாளா என்ற நப்பாசை. உன் உம்மா பார்த்துவிட்டுச் சொன்னாள்: “ஊரு வழக்கம் தெரியாத மாதிரி கட்டுறீங்க. ஆம்பளப் புள்ள இங்கன எங்க இருக்கப் போறான்? பொறா கூடு கட்டிக்கிட்டுப் போவும் அந்த ரூம்ல.” நான் காதில் வாங்கவில்லை.

அறை பெரிதாக வேண்டும் என்றால் எங்கேயாவது இடம் பிடிக்க வேண்டும். படியில் பிடித்தேன். கொத்தனார் கொடுத்த பிளானில் மூன்றரை அடி இருந்ததை நான்தான் கம்ப்யூட்டரில் இரண்டே காலாக்கினேன். திரும்பும் இடத்தில் தளத்தை எடுத்துவிட்டு முக்கோணப் படிகள் போட்டேன். கொத்தனார் மண்டையைச் சொறிந்தார். “காக்கா, இடுக்கா வருது. கட்டிலு மேல ஏறாது” என்றார். எனக்கு அது பெரிய விஷயமாகவே படவில்லை. “ஆசாரிய மேல வரச் சொல்லி அங்கனயே செஞ்சுக்கிருவோம்” என்றேன். அப்படியே செய்தோம். உன் தேக்குக் கட்டில் அந்த அறையிலேயே பிறந்தது. பிரித்துப் போட்டால் ஒழிய அது இனிக் கீழே இறங்காது. அதற்கும் மேல், கொத்தனாரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, கேமராவைப் படியின் அடியில் வைத்து மேலே ஏற்றிக் காட்டினேன். வழுக்கிக்கொண்டு போயிற்று. திரும்பும் இடத்தில் ஒரு தட்டல் இல்லை, தடங்கல் இல்லை. “பாத்தீங்களா, எப்படி ஏறுது!” என்றேன். அவர் எழுந்து போய்விட்டார்.

பதினெட்டு வருடம் வரைந்தவனுக்கு அன்று உறைக்காத ஒன்று இருக்கிறது. கேமராவுக்குத் தோள் கிடையாது. இடுப்பு கிடையாது, கையில் தண்ணீர்க் குடம் கிடையாது. எவ்வளவு சின்ன சந்தாக இருந்தாலும் புகுந்து போய்விடும். சுவரைத் துளைத்துக்கொண்டும் போகும், ஒரு கீறல் விழாது. அது போய்விட்டது என்பதற்காக மனிதனும் போய்விடுவான் என்று நினைத்தேன்.

உன் உம்மா மூன்று வருடம் அந்தப் படியில் பக்கவாட்டில் திரும்பித் திரும்பித்தான் ஏறினாள். “ஒங்க படி எனக்கு டான்ஸ் சொல்லிக்குடுக்குது” என்பாள். ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அன்று பங்குனி வெயில். மொட்டைமாடியில் முண்டு மிளகாய் காயப்போடப் போனவள், பத்து மணி இருக்கும், மேலிருந்து என்னைக் கூப்பிட்டாள். குரல் சரியில்லை. ஓடினேன். உன் கட்டிலில் உட்கார்ந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள், உடம்பெல்லாம் வேர்வை. ஆம்புலன்சுக்குப் போன் போட்டேன். இதைத்தான் நீ கவனமாகப் படிக்க வேண்டும்: கால் மணி நேரத்தில் ஆம்புலன்ஸ் வாசலுக்கு வந்துவிட்டது.

டிரைவர் பேர் முருகேசன், உச்சிப்புளிக்காரர். அவரும் கூட வந்த மருத்துவப் பணியாளரும் ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். திருப்பத்தில் அது சிக்கிக்கொண்டது. நிமிர்த்தினார்கள், சாய்த்தார்கள், கைப்பிடிக் கம்பிக்கு மேலே தூக்கிப் பார்த்தார்கள். “பாய், இது திரும்பாது. வேற வழி இருக்கா?” என்று முருகேசன் கேட்டார். இல்லை. வேறு வழி வைக்காமல் கட்டியவன் நான். ஸ்ட்ரெச்சரைக் கீழே கொண்டுபோய் வைத்துவிட்டு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்தோம். உட்காரவைத்து இறக்கினால் நாற்காலியின் கால் முக்கோணப் படியில் நிற்க மறுக்கிறது. ஒருவர் முன்னால் பிடித்தால் இன்னொருவர் பக்கத்தில் நிற்க இடம் இல்லை. மறுபடி மேலே ஏற்றினோம். இப்படியே போயிற்று. கடைசியில் முருகேசன் “மன்னிச்சுக்கங்கம்மா” என்று சொல்லிவிட்டு உன் உம்மாவைத் தோளில் போட்டுக்கொண்டு, சுவரில் முதுகைத் தேய்த்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினார். அவர் சட்டை முதுகில் கிழிந்தே போயிற்று. உன் உம்மாவுக்கு அப்போது நினைவு இருந்தது. முந்தானையை இழுத்துவிடச் சொல்லி என்னிடம் சைகை காட்டினாள். நான் பின்னால் அந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். எதற்குத் தூக்கி வந்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. வண்டியில் ஏற்றும்போது “வெயில் சாஞ்சதும் மொளகாய அள்ளிருங்க” என்றாள். அதற்குப் பிறகு பேசவில்லை.

ஆம்புலன்ஸ் வாசலில் நின்றதிலிருந்து கிளம்பும்வரை முக்கால் மணி நேரம். ராமநாதபுரத்தில் டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார், ஒரு அரைமணி நேரம் முந்தி வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று. அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குக் கணக்குப் போட எவ்வளவு நேரம் ஆகும்?

நீ துபாயிலிருந்து கூப்பிட்டாய். அழுதாய். “ஏன் வாப்பா, ஏன் இவ்வளவு லேட்டு?” என்று கேட்டாய். என் வாயிலிருந்து “ஆம்புலன்ஸ் வர லேட்டாயிருச்சுப்பா” என்று வந்தது. யோசித்துச் சொன்ன பொய் இல்லை. ஆனால் அடுத்த நொடியே அதைத் திருத்தியிருக்கலாம். மறுநாள் காலையில் நீ வந்து சேர்ந்தபோது திருத்தியிருக்கலாம். அடக்கம் முடிந்து நீ என் மடியில் தலைவைத்துப் படுத்தபோது திருத்தியிருக்கலாம். உன் தலைமுடியைக் கோதிக்கொண்டு சும்மா இருந்தேன்.

மூன்றாம் நாள் நாம் இருவரும் போனபோது பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில், அன்று வந்த ஆம்புலன்ஸ் டிரைவர் இவர்தான் என்று யாரோ காட்ட, முருகேசனைப் பார்த்தாயே, நினைவிருக்கும். “எங்க உம்மாவக் கொன்னது நீதான்டா” என்று சட்டையைப் பிடித்து உலுக்கினாய். அவருக்கு உன்னைவிடப் பதினைந்து வயது கூட இருக்கும். அவர் உன்னைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அப்போது அவர் “வழில ரயில்வே கேட்டு போட்டுட்டான் தம்பி. என்னய மன்னிச்சுருங்க” என்றார். என் பொய்க்கு அவர் காரணம் கண்டுபிடித்துக் கொடுத்தார், அஸ்லம். தோளில் சுமந்தவர்.

பத்து நாள் கழித்து, நீ திரும்பிப் போன பிறகு, ஒரு சட்டைத்துணி வாங்கிக்கொண்டு ராமநாதபுரம் போய் பஸ் மாறி உச்சிப்புளியில் இறங்கினேன். வீட்டைக் கண்டுபிடித்து, சொல்ல வேண்டியதைச் சொன்னேன். மகனுக்கு உண்மையை எழுதிவிடுகிறேன் என்றும் சொன்னேன். அவர் துணியை வாங்கிக்கொள்ளவில்லை. “விடுங்க பாய். அந்தத் தம்பிக்கு இப்ப கோவப்பட ஒரு ஆளு வேணும். நான் இருந்துட்டுப் போறேன். நீங்க அவருக்கு வேணும்ல” என்றார். பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? நிம்மதியாக இருந்தது. அதை நினைத்துத்தான் இன்று அதிகமாக வெட்கப்படுகிறேன். பொய் சொன்னதைக்கூட வாய் தவறியது என்று சொல்லிக்கொள்ளலாம். அந்த நிம்மதிக்கு என்ன பேர் வைப்பது?

உனக்குச் சொன்னால் நீ என்னை விட்டுப் போய்விடுவாய் என்று பயந்தேன். இருப்பது நீ ஒருத்தன். சொல்லாமலிருந்து மட்டும் என்ன கிடைத்தது? நீ வெள்ளிக்கிழமை தோறும் போன் செய்வாய், நான் என்ன சாப்பிட்டேன் என்று கேட்பாய், நான் மீன் வகையைச் சொல்வேன். பாதி நாள் ரசமும் அப்பளமும்தான். ஒரு ஆளுக்கு எவ்வளவு மீன் வாங்குவது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. பகலெல்லாம் அடுத்தவர் வீட்டுக்குள் நடந்துகொண்டிருக்கிறேன். அடுப்படி வரையும்போது அலமாரி எந்த உயரத்தில் வர வேண்டும் என்று பார்ப்பதற்கு அளவுக்காக ஒரு பெண் உருவத்தை நிறுத்துவது வழக்கம். மூன்று வருடமாக எல்லோர் வீட்டு அடுப்படியிலும் ஐந்தடி ஒரு அங்குலத்தில்தான் ஒருத்தி நிற்கிறாள். அது யாருடைய உயரம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அனுப்பும்போது அழித்துவிடுவேன். ஒரு தடவை மறந்துபோய் அப்படியே அனுப்பிவிட்டேன். கத்தாரிலிருந்து ஒருவர் “காக்கா, எங்க வீட்டு அடுப்படில யாரு நிக்கிறது?” என்று கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். போனை வைத்துவிட்டு அவளை அழித்து மறுபடி அனுப்பினேன், மகனே.

மாடிக்கு நான் போவதில்லை. மிளகாயை அன்றைக்கு யாரும் அள்ளவில்லை. பக்கத்து வீட்டார் பிறகு எடுத்துக் கொடுத்தார்கள். உன் உம்மா சொன்னது சரிதான், உன் அறையில் புறா கூடு கட்டியிருக்கிறது. கீழே உட்கார்ந்திருந்தால் அதன் சத்தம் கேட்கும். நீ துபாயிலோ வேறு எங்கேயோ இருந்தாலும் விடுமுறைக்குப் பெட்டியை இந்த வாசலில்தான் இறக்குவாய். இனி மூன்று தெரு தள்ளி இறக்குவாய். அதுதான் முறை, நானும் அப்படித்தான் என் வீட்டை விட்டு வந்தேன், குறையாகச் சொல்லவில்லை. கார் சத்தம் எனக்குக் கேட்கும் தூரம்தான். கேட்டால் உடனே கிளம்பி வந்துவிடக்கூடாது, நீயாக வரும்வரை இருக்க வேண்டும் என்று இப்போதே பழகிக்கொண்டிருக்கிறேன்.

இனி உன்னிடம் கேட்பதற்கு வருகிறேன். ஹமீது நல்ல மனிதர். அவரும் என்னைப் போலத்தான், பிள்ளை மேல் உள்ள ஆசையில் படியைச் சுருக்குகிறார். அவர் அந்த வீட்டை இன்னும் கேமராவின் கண்ணால்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். உங்கள் இருவருக்கும் மாடி அறை. நாளைக்கு உன் மனைவி பிள்ளைத்தாய்ச்சியாக அந்தப் படியில் இறங்குவாள். நீ அவள் பக்கத்தில் கையைப் பிடித்துக்கொண்டு வர இடம் இருக்காது. பின்னால்தான் வருவாய், நான் வந்த மாதிரி. நீ அவரைக் கூப்பிட்டுச் சொல். ‘வாப்பா குறை சொல்லவில்லை, பழைய ஆள், பயப்படுகிறார்’ என்றெல்லாம் எனக்காகப் பூசி மெழுகாதே. “எங்க வாப்பா கட்டுன படில எங்க உம்மாவ இறக்க முடியல, மாமா” என்று சொல். அப்படியே சொல். ஊருக்குத் தெரிந்தால் தெரியட்டும். த்ரீடி காக்காவுக்குப் படி போடத் தெரியாது என்று பள்ளிவாசலில் பேசினால் பேசிக்கொள்ளட்டும். மகளை நினைத்துக்கொண்டு இந்த வார்த்தையைக் கேட்ட பிறகு எந்தத் தகப்பனும் சரவிளக்கைப் பற்றி நினைக்கமாட்டான்.

இதோடு இரண்டு கோப்புகள் அனுப்பியிருக்கிறேன். இரண்டும் ஹமீது வீட்டுப் படி. ஒன்று இரண்டே கால் அடி, இன்னொன்று மூன்றரை. இரண்டிலும் அடிப்படியில் சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டி கிடக்கும். ஆறரை அடி நீளம், இரண்டடி அகலம். என்ன அளவு என்று உனக்குப் புரியும். இந்தத் தடவை கேமராவைத் தொடாதே. அந்தப் பெட்டியைப் பிடித்து மேலே ஏற்றித் திருப்பிப் பார். ஹமீதுக்கும் காட்டு. எனக்கு இதைச் செய்து பார்க்கப் பத்து நிமிடம்தான் ஆனது. ஆறு வருடத்துக்கு முன்னால் அந்தப் பத்து நிமிடம் என்னிடம் இருந்தது.

முருகேசன் நம்பரையும் தனியாக அனுப்பியிருக்கிறேன். அவரிடம் என்ன பேசுவது என்று உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. நிக்காஹுக்கு அழைத்தால் வருவார். வாசலில் நின்று அவரை நான்தான் வரவேற்க வேண்டும்.

உன் உம்மாவிடம் மன்னிப்பும் பொருத்தமும் கேட்க எனக்கு நேரம் இல்லாமல் போயிற்று. அவள் கண் திறந்திருந்தபோது நான் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நின்றேன். அதனால் உன்னிடம் கேட்கிறேன். என்னைப் பொருந்திக்கொள், அஸ்லம். முடியவில்லை என்றால் எனக்குப் போன் செய்யாதே, வெள்ளிக்கிழமையும் செய்யாதே, நான் இருந்துகொள்வேன். மாமாவுக்கு மட்டும் வியாழக்கிழமைக்கு முன்னால் செய்துவிடு.

உன் வாப்பா